இடித்துக் கட்டுவதல்ல புதுப்பித்தல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. இருக்கிற வீட்டைத் திருத்திப் பார் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லவேண்டிய தேவை அந்நாளில் எழாதிருந்திருக்கலாம். வீடு திருத்துவது அப்போது ஒரு தனி நிகழ்வாகக் கருதப்படவில்லை. மாரி தொடங்குமுன் கூரையில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவதும், தைப்பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு நிலைகளில் கறையான் ஏறியிருக்கின்றதா எனத் தட்டிப் பார்ப்பதும் வீட்டாரே ஆண்டுதோறும் செய்த வேலைகள். மேசனும் தச்சரும் பெரிய வேலைகளுக்கு மாத்திரமே அழைக்கப்பட்டனர்.

இன்று நிலைமை வேறு. வீடு திருத்துதல் என்ற சொல்லுக்குள் இப்போது ஓர் ஒப்பந்தக்காரர் இருக்கின்றார். ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இருக்கின்றது. வீட்டில் வாழ்பவரின் கை மட்டும் அதில் இல்லை. பழைய வீடுகளைப் புதுப்பிக்கின்றோம் என்ற பெயரில் நாம் செய்துவரும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது எனது கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களூடாகச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். தலைமுறைகள் பல கண்ட நாற்சார் வீடு ஒன்றின் முன்னால் உழவு இயந்திரப் பெட்டியில் மணலும் சீமெந்து மூடைகளும் வந்து இறங்கியிருக்கும். திண்ணை உடைக்கப்பட்டிருக்கும். பனந்தீராந்திகளும் சிலாகைகளும் வேலியோரம் விறகாகக் குவிந்து கிடக்கும். சில மாதங்களின் பின்னர் அதே வீட்டின் முகப்பில் கொங்கிறீற் தூண்கள் நிற்கும். உள்ளே மாபிள் தரை மினுங்கும். நடு முற்றத்தைத் தகரக் கூரை மூடியிருக்கும். அம்மாவின் வீட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டோம் என்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் மனநிறைவு கொள்வர். அவர்களது அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அடுத்த மாரியில் புதுப் பூச்சின் அடியில் ஈரம் ஊறுவதையும், சித்திரை வெயிலில் மின்விசிறியின் கீழும் வியர்த்துக் கொட்டுவதையும் அனுபவிக்கப் போகின்றவர் அந்த அம்மாதான்.

போர் தின்றது போக எஞ்சிய வீடுகள் இவை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பலர், தமது காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களையே கண்டனர். சிலருக்குச் சுவரும் இருக்கவில்லை. காரைநகரிலும் வேலணையிலும் ஆலமரம் வேரோடிய வீடுகளை இன்றும் காணலாம். ஷெல் வீச்சுக்குத் தப்பிய வீடு, அன்பினால் அனுப்பப்பட்ட பணத்துக்குத் தப்பவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

பழைய வீட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வீடு அருங்காட்சியகம் அன்று. நாம் இன்று பழமை என்று கொண்டாடும் அந்த வீடுகளே தத்தம் காலத்தில் புதுமையைத் தாராளமாக ஏற்றுக்கொண்டவைதான். பனையோலை வேய்ந்திருந்த கூரைகளுக்கு ஓடு வந்தது. மங்களூரில் பாசல் மிசனரிமார் 1865 இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த தட்டை ஓடுகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியபோது, பீலி ஓட்டை இறக்கிவிட்டு அவற்றை ஏற்றியவர்கள் நம் பாட்டன்மார். குத்துவிளக்கும் அரிக்கன் லாம்பும் இருந்த இடத்துக்கு மின்குமிழ் வந்தது. மாற்றம் வீட்டுக்குப் பகையன்று. வீட்டின் இயல்பை அறியாமல் செய்யப்படும் மாற்றமே அதற்குப் பகை.

அந்த இயல்பு யாது? குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. நிலத்தைத் தோண்டி எடுத்த கல்லைக் கொண்டு சுவர் எழுப்பினர். அதே கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலுடன் குழைத்துச் சாந்தாக்கினர். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் தன்னுள் அடங்கிய காபனீரொட்சைட்டை வெளிவிட்டு நீறாத சுண்ணாம்பாகின்றது. நீர் ஊற்றி நீற்றிச் சுவரில் பூசிய பின்னர், வளியில் உள்ள அதே காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உள்வாங்கி அது மீண்டும் கல்லாகின்றது. இதற்கு மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் செல்லும். இவ்வாறு உருவாகும் சுவர் மிருதுவானது, நுண்துளைகள் நிறைந்தது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தையும் மழை தரும் ஈரத்தையும் உள்வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். நம் முன்னோர் அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை எதையும் இடவில்லை. இடவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

சீமெந்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் என்பவர் 1824 இல் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1950 இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் அது நம்மூர்ப் பொருளாயிற்று. 1990 இல் போர் காரணமாகத் தொழிற்சாலை மூடப்பட்டது. சீமெந்து மீதான நமது மோகம் மூடப்படவில்லை. சீமெந்து விரைவில் இறுகும், மிகுந்த வலிமை தரும், தண்ணீரை எளிதில் ஊடுருவ விடாது. புதிய கட்டடத்துக்கு இவை நற்குணங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் பூசும்போது இதே குணங்கள் நஞ்சாகின்றன. நிலத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்கி, மேன்மேலும் உயர ஏறுகின்றது. அதில் கரைந்துள்ள உப்பு பூச்சின் பின்னால் பளிங்காகிச் சுவரைப் பொடியாக்குகின்றது. பின்னர் ஒரு நாள் சீமெந்துப் பூச்சு பாளமாகக் கழன்று விழுகின்றது. விழும்போது பழைய சுவரின் தோலையும் உரித்துக்கொண்டே விழுகின்றது.

அப்போது மேசன் என்ன சொல்கின்றார்? "பழைய சுவர் ஐயா, சத்தில்லை. இன்னும் கொஞ்சம் சீமெந்து கூட்டிப் பூசவேணும்" என்கின்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கற்றதே சீமெந்து வேலைதான். நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாக மீண்டும் கொடுக்கும் இந்த வைத்தியம் நம்மூரில் ஆண்டுக்கணக்கில் நடந்து வருகின்றது. நீர் புகாத புதுவகைப் பூச்சுமைகளும், நிலத்தை முற்றாக மூடும் மாபிள் தரையும் சேர்ந்துகொள்ளும்போது, தரைக்கு அடியில் உள்ள ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழியே இல்லாமற் போய்விடுகின்றது.

நடு முற்றத்தின் கதையும் இதுவே. வெயில் ஏற ஏறச் சூடாகும் காற்று முற்றத்தினூடாக மேலெழுந்து வெளியேற, நிழல் தங்கிய விறாந்தைகளிலிருந்து அறைகளுக்குள் காற்று நகரும். கூரையின் ஓடுகளுக்கிடையே உள்ள நீக்கல்களும் இதற்குத் துணை புரியும். ஒரு செலவும் இல்லாமல் இரவு பகலாக வேலை செய்யும் இந்த இயந்திரத்தைத் தகரத்தால் மூடிவிட்டு, பின்னர் குளிரூட்டி வாங்குவதற்குக் கடன் எடுக்கின்றோம். திருடர் பயம் என்றால் இரும்புக் கம்பி வலை போடலாம். மழைச் சாரல் அடிக்கின்றது என்றால் தாழ்வாரத்தை ஒரு முழம் நீட்டலாம். மூடித்தான் ஆகவேண்டும் என்றால், சுற்றிவரக் காற்றுப் போக இடம் விட்டு, கூரைக்கு மேலாக உயர்த்தி, ஒளி புகும் தகடு போடலாம். இவை மூன்றும் முற்றத்தைக் கொல்லாமல் காக்கும் வழிகள்.

இவ்விடத்தில் மற்றொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாற்சார் வீட்டை நினைத்து உருகுபவர்கள் பலர், அந்த வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரியான வீடாக இருக்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். திண்ணைக்கு அப்பால் வர அனுமதிக்கப்படாதவர்கள் இருந்தனர். படலையோடு நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர். புகை மண்டிய இருண்ட அடுப்படியில் கண்ணைக் கசக்கியபடி வாழ்நாளைக் கழித்த பெண்கள் இருந்தனர். வளவின் கோடியில் இருந்த மலசலகூடத்துக்கு மழை இரவில் விளக்கோடு நடந்த முதியவர்கள் இருந்தனர். ஆகவே அந்த வீட்டில் மாற்றவேண்டியவை உண்டு. மாற்றியே ஆகவேண்டும். ஆனால் நாம் எதை மாற்றுகின்றோம் என்று பாருங்கள். முதலில் முகப்பை மாற்றுகின்றோம். வீதியில் போகின்றவர் காண்பது அதைத்தானே. குசினி இருட்டாகவே இருக்கின்றது. மலசலகூடத்தின் வாசற்படி எண்பது வயதுக் காலுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கின்றது. காப்பாற்ற வேண்டிய சுவரை இடித்துவிட்டு, இடிக்கவேண்டிய குறைகளைக் காப்பாற்றுகின்றோம்.

வீட்டில் வாழ்பவரே தன் கையால் வேலையில் இறங்கினால் இந்த வரிசை தானாகவே திருந்திவிடும் என்பதே என் நம்பிக்கை. குசினிப் புகையில் இருமுகின்றவர் முதலில் புகைபோக்கியைத்தான் சரிசெய்வார். இரவில் வழுக்கி விழுந்தவர் முதலில் கைபிடியைத்தான் பொருத்துவார். ஒப்பந்தக்காரருக்கு வீடு ஒரு பரப்பளவு. இத்தனை சதுர அடிக்கு இத்தனை ரூபாய். அந்த வீட்டில் வாழ்ந்து, அதைக் கையால் தொட்டு வேலை செய்பவருக்கு எந்த ஓட்டின் வழியாக எந்தக் காற்றுக்கு மழை உள்ளே வரும் என்பது தெரியும்.

புலம்பெயர்ந்த நம் உறவுகளிடம் இது பற்றிப் பேசுவது எளிது என்றே நினைக்கின்றேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சனி, ஞாயிறு தினங்களில் தாமே மை பூசி, தாமே தரை விரித்து, நிலக்கீழ் அறையைத் தாமே வாடகைக்கு ஏற்றதாக மாற்றியவர்கள் அவர்கள். அங்கே ஒரு வேலையாளை அழைத்தால் கூலி கட்டுப்படியாகாது என்பதனால் கற்றுக்கொண்ட கலை அது. இலண்டனில் பழைய வீடுகள் நிறைந்த பகுதிகளில் வாழ்பவர்களுக்கு மற்றொன்றும் தெரிந்திருக்கும். 1967 ஆம் ஆண்டின் சட்டம் அங்கு பாதுகாப்பு வலயங்கள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒன்ராறியோவில் 1975 இல் மரபுரிமைச் சட்டம் வந்தது. இத்தகைய இடங்களில் முகப்பின் தோற்றத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, அனுமதி வேண்டும். அந்த ஒழுங்குகளுக்கு அங்கே முணுமுணுத்தாவது கட்டுப்படுகின்ற ஒருவர், தன் தாயின் வீட்டுத் தூண்களை ஒரு தொலைபேசி அழைப்பில் உடைக்கச் சொல்வது எவ்வளவு முரண்! அங்கே தன் கையால் திருத்துகின்றார். இங்கே தன் பணத்தால் இடிக்கின்றார்.

இது நமக்கு மட்டுமே உரிய நோயன்று. செட்டிநாட்டில் பங்காளிகள் பலருக்கு உரித்தான மாளிகைகள் பராமரிப்பின்றி இடிக்கப்பட்டு, அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைபோவதை நாம் அறிவோம். நம் வீடுகளுக்கும் பங்குப் பிணக்கே முதல் எதிரி. ஒரு வீட்டுக்கு ஆறு உரிமையாளர், அறுவரும் ஆறு நாடுகளில். ஓடு ஒன்று உடைந்தால் மாற்றுவது யார் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் மூன்று மாரிகள் கடந்துவிடும். அந்த ஓர் ஓட்டின் வழியாக ஒழுகும் நீர் சிலாகையை உக்க வைக்கும்; சிலாகை உக்கினால் கைமரம்; கைமரம் சரிந்தால் சுவரின் தலை மழைக்குத் திறந்துவிடும். நூறு ஆண்டு நின்ற வீடு பத்து ஆண்டில் மண்ணாவது இப்படித்தான். வயது வீட்டைக் கொல்வதில்லை. மாற்றப்படாத ஓர் ஓடு கொல்கின்றது.

எனவே தன் கையால் வீடு திருத்த விரும்புகின்றவர் மேலிருந்து கீழாக வரவேண்டும். முதலில் கூரை. அடுத்தது பீலியும் மழைநீர் வடிந்தோடும் வழியும். சுவரடியில் தண்ணீர் தேங்காமல் நிலத்தைச் சாய்த்துவிடுவது ஒரு மண்வெட்டியும் இரண்டு நாள் உழைப்பும் கேட்கும் வேலை; சுவரின் ஈரத்தில் பெரும்பகுதி அத்தோடு நின்றுவிடும். அதன் பின்னரே சுவர். மை பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நம்மவர்கள் பெரும்பாலும் மையில் தொடங்கிக் கூரைக்குப் போகுமுன் பணம் முடிந்து நிற்கின்றனர். இயலுமானால் ஒரு மாரி முழுவதும் ஒன்றும் செய்யாமல் வீட்டைக் கவனியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, எந்தப் பொறியியலாளரும் தராத அறிக்கையைத் தந்துவிடும்.

சுவரில் இருப்பது சுண்ணாம்பா சீமெந்தா என்று அறிய ஆணியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு மாவாக உதிரும். சீமெந்து கீறலுக்கு எளிதில் இடங்கொடாது. ஈரம் சுவரிலிருந்தா வருகின்றது என்பதில் ஐயம் இருந்தால், ஒரு பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் சுவரோடு ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சுவர்ப்பக்கம் நீர்த்துளி அரும்பியிருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கின்றது; வெளிப்பக்கம் அரும்பியிருந்தால் அறைக் காற்றில் இருக்கின்றது. சுண்ணாம்புச் சுவரின் பழுதுக்குச் சுண்ணாம்பே மருந்து. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் சில வாரங்களாவது ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்துக் குழைத்து, சுவரை நன்றாக நனைத்த பின்னர் மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கினால் சில நாட்கள் மறைத்து வைக்கவேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கவல்லது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடலாகாது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. ஆனால் பிழைத்தாலும் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூசலாம். சீமெந்து அந்தச் சலுகையைத் தராது.

தன் கையால் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. மின்சாரம் முதலாவது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய வீடுகளில் மரச்சட்டத்துக்குள் ஓடும் வயர்களின் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும். நில இணைப்பு பெரும்பாலும் இராது. நமது நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. அந்த வயரில் தண்ணீர்ப் பம்பியையும் சலவை இயந்திரத்தையும் பூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு முழுவதையும் மாற்றி, 30 மில்லி அம்பியர்க் கசிவுக்கே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சையும் பொருத்துவது கட்டாயம். மாபிள் தரைக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பினால் எவரும் நட்டப்படமாட்டார்.

இரண்டாவது, பாரம் தாங்கும் சுவர். இரண்டு அறைகளை ஒன்றாக்க வேண்டும் என்று இடைச்சுவரை இடிப்பவர்கள், அதன் மேல் தீராந்தி தங்கியிருக்கின்றதா என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூன்றாவது, அஸ்பெஸ்டஸ் தகடு. அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் தேய்த்துக் கழுவும்போதும் எழும் தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளின் பின்னர் புற்றுநோயைத் தரவல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம் உறுதி செய்த உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலும் கனடா 2018 இலும் அதைத் தடைசெய்துவிட்டன. இலங்கையும் அதன் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், ஒரு வண்டு காணப்பட்டதாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடு ரஷ்யா. நமது முடிவு பின்போடப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. வர்த்தகம் வென்றது என்பதற்காக நமது நுரையீரலும் தோற்கவேண்டும் என்பதில்லை. ஓட்டை இறக்கிவிட்டு அத்தகடு ஏற்றும் யோசனையைக் கைவிடுங்கள். ஏற்கனவே இருப்பதை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றக்கூடியவரிடம் ஒப்படையுங்கள்.

நான்காவதாக மலசலகூடக் குழி. வீட்டோடு ஒட்டிய குளியலறை முதியவர்களுக்கு இன்றியமையாதது. அதை எதிர்ப்பவனல்லன் நான். ஆனால் நமது குடிநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் தங்கும் மழைநீர். அந்த வெடிப்புகள் கழிவுநீருக்கும் கிணற்றுக்கும் பேதம் பார்ப்பதில்லை. கிணற்றிலிருந்து ஐம்பது அடி என்ற பழைய கணக்கு மணற்பாங்கான நிலத்துக்குப் போதலாம். பாறை நிலத்தில் இயன்றவரை தள்ளிப் போவதும், கழிவைத் தேக்கும் குழிக்கு அடியும் பக்கமும் ஒழுகாதபடி கட்டுவதும் அயலவருக்கும் நாம் செய்யும் கடமை. குளியலறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்து கிடக்கும் ஒருவரைத் தூக்குவதற்கு அது ஒன்றே வழி. தரைக்குச் சொரசொரப்பான கல்லைத் தேர்ந்தெடுங்கள். மினுக்கம் இளையவரின் கண்ணுக்கு அழகு. முதியவரின் இடுப்பு எலும்புக்கு ஆபத்து.

சாமானியரால் இவையெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் உள்ளனர். 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், வீட்டுக்கு உரியவர் தாமே முன்னின்று கட்டும் முறை பின்பற்றப்பட்டது. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாயும் திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம் ரூபாயும் கட்டங் கட்டமாக வழங்கப்பட்டன. தொகை போதவில்லை, கடன்பட்டோம் என்ற முறைப்பாடுகள் நியாயமானவை. ஆயினும் முகாம்களிலிருந்து திரும்பிய மக்கள், அவர்களுள் பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்களும் அடங்க, கல் சுமந்து, மணல் அரித்து, மேசனின் பக்கத்தில் நின்று தமது வீடுகளை எழுப்பினர். பின்னர் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டம் ஒன்று 2016 இல் முன்வைக்கப்பட்டபோது, அது நமது வெயிலுக்கும் வாழ்க்கைக்கும் ஒவ்வாது என்று எழுந்த எதிர்ப்புக்கு வலுவூட்டியது இந்த அனுபவமும்தான். வெறுந்தரையில் வீடு எழுப்பிய மக்களால் நிற்கின்ற வீட்டைத் திருத்த முடியாதா?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒரு மூடை சீமெந்தின் விலை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது, பாதியில் நின்ற வேலைகள் ஊருக்கு ஊர் கிடந்தன. பழைய திண்ணையை இடித்தாயிற்று. புதிய முகப்பைக் கட்டப் பணம் இல்லை. சிறிது சிறிதாகத் தன் கையால் திருத்துபவருக்கு இந்த இக்கட்டு நேர்வதில்லை. நின்ற இடத்தில் நிறுத்தி, முடிந்தபோது தொடரலாம். வீடு அதுவரை வீடாகவே இருக்கும்.

சிறிது சிறிதாகத் திருத்துவதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958 இல் கொழும்பு 33 ஆம் ஒழுங்கையில், வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை வாடகைக்குப் பெற்றார். பின்னர் ஒவ்வொன்றாக மற்றவற்றையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி ஒரே வீடாக்கினார். சிறு முற்றங்களையும் ஒளிக் கிணறுகளையும் உள்ளே திறந்துவிட்டார். எங்கோ இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைத் தேடி எடுத்து அங்கே நிறுத்தினார். நாட்டின் முதன்மையான கட்டடக் கலைஞர் தமக்கென்று ஒரு வீடு வேண்டியபோது, பழைய வீடுகளைத் தகர்க்காமல் அவற்றோடு உரையாடினார். நாம் வீசிவிட்ட முற்றத்தையும் தூணையும் அவர் தேடிச் சென்றார் என்பதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

இன்னும் சில மூத்த மேசன்மாரும் தச்சாசாரியாரும் நம்மிடையே வாழ்கின்றனர். சுண்ணாம்பை விரலுக்கிடையே தேய்த்துப் பதம் சொல்லவும், பனைமரத்தைத் தட்டி அதன் வைரம் அறியவும் வல்லவர்கள் அவர்கள். இந்த அறிவு ஒரு நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அவர்கள் கையிலிருந்து மற்றொரு கைக்குப் போனாலன்றி அது அவர்களோடு முடிந்துவிடும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், மாபிள் கடைக்குப் போகுமுன் அத்தகைய ஒருவரைத் தேடி வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அவரது நாட்கூலியை மனமுவந்து கொடுங்கள். கூலி மட்டும் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடாமல், அவர் பக்கத்தில் நின்று சாந்து குழையுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட நிறுத்துங்கள். பாட்டியின் வீட்டுச் சுவரில் தன் கையால் ஒரு சாண் அளவு பூசிய பிள்ளை, பிற்காலத்தில் அந்த வீட்டை இடிக்கச் சொல்லித் தொலைபேசி எடுக்காது.